ராவுத்தரம்மா லைன் வீடு

மதுரை ரயிலடிக்கு மேற்கே, மில்லுக்குப் போகும் பாதையில், ஓடு வேய்ந்த ஐந்து வீடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஒரே வரிசையில் நின்றன. பிறகு அது பதினொன்றாக வளர்ந்தது. ராவுத்தரம்மா லைன் வீடு என்றால் ஜட்கா வண்டிக்காரன் மறுபேச்சு கேட்கமாட்டான். நான் அங்கே குடியிருந்தவன். அந்த அம்மாளைப் பற்றி ஊரில் பலவிதமாகப் பேசுகிறார்கள். பிடிவாதக்காரி, ராங்கிக்காரி, கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள். முதல் இரண்டும் உண்மைதான். மூன்றாவதைச் சொல்கிறவனோடு நான் சண்டைக்குப் போவேன்.

அவள் பேர் ஜெயினம்பு. காஜிமார் தெருவில் தம்பியோடு சேர்ந்து கைலிக் கடை வைத்திருந்த ஷேக் தாவூதின் மனைவி. முப்பத்திரண்டாம் வருஷம் தாவூது மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டார். ஜெயினம்புக்கு அப்போது முப்பது வயது. சபியா என்று ஒரே மகள், ஒன்பது வயது. நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்முகம் பார்க்காமல் இத்தா இருந்து முடித்து அவள் வெளியே வந்த வாரமே கொழுந்தன் முகம்மது கனி வந்து எதிரே உட்கார்ந்தார்.

"மதினி, அண்ணன் பங்கு கடையிலேயே கெடக்கட்டும். செலவுக்கு மாசாமாசம் நான் தந்துர்றேன். ஒங்களுக்கு எதுக்கு அலைச்சல்?"

"எம்புட்டுத் தருவீக?"

"வேணுங்கிறதக் கேளுங்க, தாரேன்."

"கேக்கக் கூடாதுன்னுதான் தம்பி பாக்குறேன்."

கனி கெட்டவர் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். சோறு போட்டிருப்பார், துணி எடுத்துக் கொடுத்திருப்பார், ஒவ்வொரு தடவையும் கொடுத்ததைச் சொல்லியும் காட்டியிருப்பார். அவ்வளவுதான். ஆனால் ஜெயினம்புக்கு வேண்டியிருந்தது வேறு. மாதம் பிறந்தால் யாரிடமும் கை நீட்டாமல் வந்து சேருகிற காசு. வட்டிக்கு விடுவது ஹராம். நகை வாங்கிப் பெட்டியில் பூட்டினால் அது குட்டி போடாது. வீடு வாங்கி வாடகைக்கு விடுவதுதான் வழி என்று இத்தா இருந்த அறைக்குள்ளேயே தீர்மானம் செய்துவிட்டாள். புருஷன் பங்கைக் கடையிலிருந்து பிரித்து வாங்கிக்கொண்டாள்.

தவசி என்ற தரகர் இந்த ஐந்து வீட்டையும் காட்டினார். விலை கேட்டால் யாருக்கும் சந்தேகம் வந்திருக்கும். பாதிதான். ஆனால் அது எல்லாமே விலை இறங்கிக் கிடந்த காலம். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்தி, குடையைப் பிடித்துக்கொண்டு அவளே போய்ப் பார்த்தாள். கிணற்றில் இறைத்த தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள். ஓட்டை எண்ணாத குறையாகப் பார்த்தாள். மில் வாசலிலிருந்து நடந்து வர எத்தனை நேரம் ஆகிறது என்று தானே நடந்து பார்த்தாள். சாக்கடை எங்கே போகிறது, மழைக்கு எந்தச் சுவர் நனையும், முன்சீப்பு கோர்ட்டில் வழக்கு ஏதும் இருக்கிறதா என்று குடைந்து குடைந்து கேட்டாள். தவசிக்கே மூச்சு முட்டியதாம்.

ஒன்றை மட்டும் கேட்கவில்லை. 'இங்கே யாராவது செத்தார்களா' என்று கேட்கவில்லை. எங்கள் ஆட்களாக இருந்தால் தண்ணீரை ருசி பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்டிருப்போம். கெட்ட நட்சத்திரத்தில் ஒரு உயிர் போனால் அந்த வீட்டை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும். அதற்கு அடைப்பு என்று பேர். அந்த வரிசையில் மூன்றாம் வீட்டில் ஒரே வருஷத்தில் இரண்டு சாவு, இரண்டும் அடைப்பு. குடியிருந்தவர்கள் எல்லோரும் ஓடிவிட்டார்கள். வீட்டுக்காரன் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடக் காத்திருந்தான். ஜெயினம்பு ஜாதியில் இப்படி ஒரு கணக்கே கிடையாது. செத்தால் அன்றைக்கே அடக்கம் செய்வார்கள். மறுநாள் அதே இடத்தில் பாய் விரிப்பார்கள். தெரியாததை எப்படிக் கேட்பாள்? பத்திரம் பதிந்து, வெள்ளையடித்து, வீடு வாடகைக்கு என்று தவசியை விட்டுச் சொல்லச் சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

வந்து கேட்டுவிட்டு ஓடியவர்களில் நானும் ஒருவன். அச்சாபீஸில் எழுத்துக் கோர்க்கிற வேலை எனக்கு. பஞ்சாங்கம் அச்சடிக்கிற அச்சாபீஸ். ராகு காலம், குளிகை, நட்சத்திரம் எல்லாம் என் விரல் வழியாகத்தான் ஊருக்குப் போகும். அந்தத் திமிரோடு, "இங்க யாராச்சும் தவறிப் போயிருக்காங்களாம்மா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு," என்றாள். மறைக்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் வீடு வாடகைக்குப் போயிருக்கும். சொல்லவில்லை.

மூன்று மாதம் ஒரு குடியும் வரவில்லை. கனிக்கு இது போதுமாக இருந்தது. அந்தப் பணத்தில் சபியாவின் பங்கும் இருக்கிறது, தகப்பன் இல்லாத பிள்ளையின் பங்கை வீணாக்க விடலாமா என்று ஜமாஅத்தில் போய்ச் சொன்னார். பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கிற முத்தவல்லி யூனுஸ் ராவுத்தர் நிதானமான மனுஷன். ஜெயினம்பை வரச்சொல்லி, திரைக்கு அந்தப் பக்கம் உட்காரவைத்துப் பேசினார்.

"ஆறு மாசம் டயம் தாரோம்மா. ஐப்பசி கடைசி வெள்ளிக்கெழம ஜும்ஆ முடிச்சு நாங்களே வந்து பாக்குறோம். அஞ்சுல மூணு வீடாச்சும் குடியிருக்கணும். இல்லாட்டி சாவிய கனிகிட்டக் குடுத்துட்டு நீ ஒதுங்கிரணும். சம்மதமா?"

"சம்மதம்," என்றது திரைக்குப் பின்னாலிருந்து வந்த குரல். "மூணு வீடு நெறஞ்சா பெறகு யாரும் வந்து எட்டிப் பாக்கக் கூடாது. அதுக்கும் சம்மதமான்னு கேளுங்க."

தவசி வந்து ஒரு யோசனை சொன்னார். பூசாரியைக் கூப்பிட்டு ஒரு சாந்தி செய்துவிட்டால் ஜனங்கள் வந்துவிடுவார்கள் என்றார். "எங்க மார்க்கத்துல அதுக்கு எடமில்லண்ணே. இல்லாத பேய விரட்ட நான் எதுக்குச் செலவழிக்கணும்?" என்று சொல்லிவிட்டு, மறுநாளே ஒரு பெட்டி, இரண்டு பாய், மகள், இவ்வளவோடு காஜிமார் தெருவை விட்டுக் கிளம்பி, அந்தப் பூட்டிக்கிடந்த மூன்றாம் வீட்டிலேயே குடியேறினாள். ராவுத்தர் வீட்டுப் பெண் மில்லுக்காரர்கள் நடக்கிற பாதையில் போய் உட்கார்ந்திருக்கிறாளே என்று தெருவே பேசியது. பேசட்டும் என்றாள்.

அவளுக்கும் மகளுக்கும் ஒரு தலைவலிகூட வரவில்லை. மில் சங்கு ஊதினால் எழுந்தார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். முதலில் வந்தவன் முத்திருளன். பரவைக்காரன், மில்லில் நூற்கிற வேலை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத பெண்டாட்டி முத்துத்தாயோடு முதல் வீட்டுக்கு வந்தான். இரண்டாம் வீட்டுக்கு ஒரு கொத்தனார் குடும்பம். ஐந்தாம் வீட்டுக்கு மில் வாசலில் பணியாரம் விற்கிற தங்கப்பொண்ணு. நாலாம் வீட்டுக்கு, வெட்கத்தை விட்டு, நான். வாடகை மற்ற இடத்தைவிட அரை ரூபாய் குறைவு. என் பெண்டாட்டி மலையம்மாள் மட்டும் உள்ளே நுழையும்போது வலது காலை வைத்தாளா இடது காலை வைத்தாளா என்று ரொம்ப நாள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்காரியாக அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், ஓடு ஒழுகினால் சாயங்காலத்துக்குள் ஆள் வருவான். வாடகை ஒழுகினால் சாயங்காலத்துக்குள் அவளே வருவாள். ஒண்ணாந்தேதி என்றால் ஒண்ணாந்தேதிதான். மாமியார் செத்துப்போனாள் என்று தவணை கேட்ட கொத்தனாரிடம், "போன மாசமும் அவுகதானே செத்தாக?" என்று கேட்டவள். நாலு குடி வந்தாயிற்று. முத்தவல்லி கேட்டதற்கு மேலேயே ஒன்று. கனி இரண்டு தடவை அந்தப் பக்கம் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். ஐப்பசிக் கடைசி வெள்ளிக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

அப்போதுதான் முத்துத்தாய்க்கு விஷக்காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டுக்குக் கொண்டுபோய்விடு என்று சொல்லிவிட்டார்கள். முத்திருளன் வண்டியில் வைத்துக் கொண்டுவந்தான். பார்த்ததும் எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

வாடகை வீட்டில் உயிர் போகக் கூடாது. இது மதுரையில் எழுதாத சட்டம். ஆள் இழுத்துக்கொண்டு கிடந்தால் வீட்டுக்காரன் வந்து நிற்பான். பாயோடு தூக்கித் தெருவில் வைப்பார்கள். இரக்கமுள்ளவர்கள் தலைக்கு மேலே ஒரு சேலையைக் கட்டுவார்கள். மில்லுக்குப் போகிற வழியில் ஒரு புளியமரம் உண்டு. அதன் அடியில் எத்தனை பேர் கடைசி மூச்சு விட்டார்கள் என்று அந்த மரத்தைத்தான் கேட்க வேண்டும். பட்டணத்துக்குப் பிழைக்க வந்தவனுக்குச் சோற்றுப் பயத்தைவிடப் பெரிய பயம் அந்தப் புளியமரம்தான். அதை அறிந்தவர்கள்தான் நாங்கள். அறிந்தும்தான் போனோம்.

புதன்கிழமை காலையில் கொத்தனாரும் தங்கப்பொண்ணும் நானும் அவள் வாசலில் போய் நின்றோம். பேசியது நான். பஞ்சாங்கம் கோர்க்கிறவன் அல்லவா.

"அம்மா, இன்னிக்குச் சாயங்காலம் அவிட்டம் பொறக்குது. அதுல உசுரு போச்சுன்னா ஆறு மாசம் அடைப்பு. அதுக்கு முன்னாடி அந்தப் பிள்ளைய வெளிய வச்சிரணும்."

"மழை பெய்யுதே," என்றாள்.

"மரத்தடியில கீத்துப் பந்தல் போட்டுத் தாரோம்."

"நான் மாட்டேன்னு சொன்னா?"

"நாங்க மூணு குடியும் இன்னிக்கே காலி பண்ணிருவோம்."

அவள் என்னையே பார்த்தாள். "நாளான்னைக்கு எங்க ஆளுக வாராக. நீங்க போயிட்டா இந்த வீடு எனக்கு இல்ல. அது தெரியுமா அச்சாபீஸுக்காரரே?"

"தெரியும்மா. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இப்படிச் சொன்ன வாய் இது. பதினைந்து வருஷமாக இதை நினைத்தால் எனக்கு என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

நாங்கள் பேசியது முதல் வீட்டுக்குக் கேட்டிருக்கிறது. முத்திருளன் யாரும் சொல்லாமலே பெண்டாட்டியைப் பாயோடு சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டான். அவன் கண்ணில் தண்ணீர் இல்லை. யாரையும் பார்க்கவும் இல்லை. ஜெயினம்பு துப்பட்டியை உதறிப் போட்டுவிட்டு மழையில் இறங்கி ஓடினாள். ஆண்பிள்ளைகள் முன்னால் அவள் தலையில் துணியில்லாமல் நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எறக்குடா முத்திருளா."

"வேணாம்மா. ஒங்களுக்குச் சங்கடம்."

"எறக்குன்னு சொன்னேன். ஒண்ணாந்தேதிவரைக்கும் வாடகை குடுத்திருக்க. அதுவரைக்கும் இது ஒன் வீடு. ஒன் வீட்டுல ஒம் பொண்டாட்டி படுத்திருக்கக் கூடாதுன்னு சொல்ல நான் யாரு, இவுக யாரு?" பிறகு எங்களைப் பார்த்துத் திரும்பினாள். "சாக விடாத எடத்துக்குப் பேரு வீடு இல்ல, சத்திரம். நான் சத்திரம் நடத்தல. போறவுக போகலாம்."

போனோம். மழையிலேயே வண்டி பிடித்துச் சாமான் ஏற்றினோம். நான் வண்டியில் ஏறும்போது அவள் முத்துத்தாயின் தலைமாட்டில் உட்கார்ந்து ஸ்பூனில் வெந்நீர் விட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

முத்துத்தாய் வியாழன் விடிந்து, மில் முதல் சங்கு ஊதுகிற நேரத்துக்குச் செத்தாள். தன் பாயில், தன் கூரைக்குக் கீழே, புருஷன் மடியில். பரவையிலிருந்து உறவுக்காரர்கள் வந்தார்கள். ஷிப்டு முடித்த மில்லுக்காரர்களும் வந்து தூக்கினார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் விட்டுப்போன ஆட்டுக்கல்லை எடுக்க நான் மறுபடியும் போனேன். அப்போதுதான் ஜட்காவிலிருந்து யூனுஸ் ராவுத்தரும் கனியும் இறங்கினார்கள். சபியா ஒரு பெஞ்சியைக் கொண்டுவந்து போட்டாள். முத்தவல்லி வரிசையை ஒரு தடவை பார்த்தார். மூன்று கதவு விரியத் திறந்து வெறிச்சென்று கிடந்தது.

"எத்தன குடிம்மா?"

"ஒண்ணு," என்றாள் கதவுக்குப் பின்னால் நின்ற ஜெயினம்பு.

"போன வாரம் நாலு இருந்துச்சே மதினி," என்றார் கனி.

"இருந்துச்சு. மொத வீட்டுப் பிள்ள மவுத்தாப் போச்சு. சாகுறதுக்கு முன்ன வெளிய வைக்கச் சொன்னாக. வைக்கல. போயிட்டாக."

"வச்சிருந்தா நாலும் இருந்திருக்கும்ல?"

"இருந்திருக்கும்."

"பெறகு?"

"பெறகு என்ன தம்பி. வைக்கல."

கனி முத்தவல்லியைப் பார்த்தார். "இவுக வீடு விடுறாகளா, பொணம் பொதைக்கிற மையவாடி நடத்துறாகளான்னு எனக்குத் தெரியல. பிள்ள சொத்து பாவா. நீங்களே சொல்லுங்க."

யூனுஸ் ராவுத்தர் ரொம்ப நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கு மனசு இல்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் சொன்னது சொன்னதுதானே. "பேச்சு ஒண்ணு இருக்கும்மா," என்று மட்டும் சொன்னார்.

கதவிடுக்கு வழியாகக் கை நீண்டது. ஐந்து சாவி கோர்த்த வளையத்தைப் பெஞ்சியின்மேல் வைத்தாள். "பேச்சுக்குக் கட்டுப்படுறேன். ஆனா மொத வீட்டுக்காரன யாரும் எழுப்பக் கூடாது. அவன் துக்கம் முடியிறவரைக்கும் அங்கதான் இருப்பான். எழுப்புனா நான் இதே வாசல்ல உக்காந்துக்கிருவேன்."

கனி சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். அப்போது வாசலில் ஒருவன் வந்து நின்றான். தலையெல்லாம் பஞ்சு. ஷிப்டு முடிந்து நேரே வந்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர்.

"வீடு காலியா இருக்குன்னாங்க. நம்ம பேரு நல்லகாமன்," என்றான். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பொதுவாகக் கேட்டான்.

கனி நல்லவிதமாகவே சொன்னார். "இங்க நேத்துத்தான் ஒரு சாவு விழுந்துருக்குப்பா. அதுவும் அவிட்டமாம். தெரியுமா?"

"தெரியுங்க. பாடையில ஒரு பக்கம் நான்தான் தூக்குனேன்." நல்லகாமன் கழுத்துத் துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டான். "அதுக்குத்தான் வந்தோம். போன வருசம் எங்கப்பன அந்தப் புளியமரத்தடியில வச்சாக. ரெண்டு நா உசுரு போகல. நான் வேலைக்குப் போகாம நாயி வெரட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். எங்காத்தா இன்னும் இருக்கு. அதுக்கு அப்படி ஆகக் கூடாது. மில்லுல நாப்பது பேரு நேத்துல இருந்து இந்த வீட்டத்தான் பேசுறான். மத்தவன் வாரதுக்கு முன்ன வந்துருவோம்னு ஓடியாந்தோம். இந்த அம்மாட்டத்தான் கேக்கணுமா, ஒங்ககிட்டயா?"

முதல் வீட்டுக்குள்ளிருந்து முத்திருளன் வந்து நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கனி," என்றார் யூனுஸ் ராவுத்தர். "சாவிய மதினிகிட்டக் குடு."

"பாவா, மூணு குடி இருக்கணும்னு நீங்கதானே..."

"நாலு நிக்கிது. எண்ணத் தெரியாதா ஒனக்கு?" பெரியவர் எழுந்து ஜட்காவை நோக்கி நடந்துவிட்டார்.

நான் ஆட்டுக்கல்லைத் தூக்கவில்லை. ஜட்கா போன பிறகு மெல்ல அவள் வாசலுக்குப் போனேன். அவசரப்பட்டுவிட்டேன், நாலாம் வீட்டை எனக்கே கொடுத்துவிடுங்கள் என்றேன். மூன்று பேர் போக ஒருவன் மிச்சம் நிற்கிறானே, அவனுக்கே இடமில்லை என்று தெரிந்தும் கேட்டேன்.

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். படவில்லை. "ஒங்க வீட்டம்மாவுக்கு நோவுன்னு வந்தா கூட்டிட்டு வாங்க, எடம் தாரேன். நல்லா இருக்கையில ஒங்களுக்குக் குடுக்க எங்கிட்ட வீடு இல்ல," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

அந்த நாலாவது ஆளுக்காகவே அவள் அடுத்த சித்திரையில் பின்பக்கம் ஒரு வீடு கட்ட ஆரம்பித்தாள். பிறகு வாடகையில் மிஞ்சியதைக்கொண்டு வருஷத்துக்கு ஒன்று. கனியிடம் ஒரு காசு கேட்கவில்லை. சபியாவைப் படிக்கவும் வைத்தாள்.

நான் டவுனுக்குள் ஒரு வீட்டில் இருந்தேன். முப்பத்தேழாம் வருஷம் மலையம்மாளுக்கு இருமல் கண்டது. கர்ச்சீப்பில் ரத்தம் வந்த அன்றைக்கு வீட்டுக்காரர் படியேறி வந்தார். வெள்ளிக்கிழமைக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள், எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது என்றார். அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? மலையம்மாளை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு மில் பாதையில் போனேன். வழியெல்லாம் அவள் அந்தப் புளியமரம் வருகிறதா, வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ராவுத்தரம்மா ஒன்றும் கேட்கவில்லை. பழைய பேச்சை எடுக்கவில்லை. எட்டு வீடும் நிறைந்திருந்தது. புதிதாகக் கட்டிய ஒன்பதாம் வீடு மட்டும் காலி. சுவரில் சுண்ணாம்பு ஈரம் காயவில்லை. நெஞ்சுச் சீக்குக்காரியை ஈரத்தில் படுக்கவைக்கக் கூடாது என்று, தான் இருந்த மூன்றாம் வீட்டை அரைமணி நேரத்தில் ஒழித்துக் கொடுத்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு ஈர வீட்டுக்குள் போனாள். சாவியை மலையம்மாள் கையில்தான் கொடுத்தாள்.

மலையம்மாள் பிழைத்துக்கொண்டாள். ஒன்றரை வருஷம் ஆயிற்று. அத்தனை மாதமும் ஒண்ணாந்தேதி ராவுத்தரம்மா வந்து வாசலில் நின்றாள். வாடகையில் அரையணா குறைக்கவில்லை. குறைக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.